சாட்சி யாருடையது? மார்மன் சமயத் தற்காப்பும் பெண்களின் குரலும்

2024 மார்ச் 17 அன்று மார்மன் சபையின் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்துக்கு 182 வயது நிறைந்தது. அதையொட்டி உலகெங்கும் ஒளிபரப்பான கூட்டத்தில், சங்கத்தின் பொதுத் தலைமைக் குழுவில் இருந்த ஜே. ஆனெட் டென்னிஸ் உரையாற்றினார். பெண்களுக்கு இத்தனை பரவலாக வல்லமையும் அதிகாரமும் வழங்கியிருக்கும் சமய அமைப்பு, தமக்குத் தெரிந்த வரையில், உலகில் வேறு எதுவும் இல்லை என்று அவர் அதில் சொன்னார். அந்தக் கருத்தைச் சபையின் இன்ஸ்டாகிராம் பக்கம் தனியே எடுத்துப் பதிவிட்டதும், சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி மறுப்பு. மறுத்தவர்களில் பலர் இன்னமும் சபைக்குள் இருப்பவர்கள். ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர்கள், சமயம் பரப்பும் ஊழியப் பணி முடித்துத் திரும்பியவர்கள், ஞாயிறு வகுப்பில் பாடம் நடத்துகிறவர்கள். தங்கள் பெயரோடும் முகத்தோடும் அவர்கள் எழுதினார்கள். எங்கள் அனுபவம் அப்படி இல்லை என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

ஒரு பெண் தன் சபைக்காகப் பரிந்து பேச, அதே சபையின் பெண்கள் அதை ஏற்க மறுத்தது ஏன் என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், மார்மன் மரபில் சமயத் தற்காப்பு, அதாவது விசுவாசத்தின் மேல் எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அதைக் காக்கும் பணி, எப்படி உருவானது, எந்த வகைக் கேள்விகளுக்கு விடை சொல்லி அது பழகியது, எந்தக் கேள்விகளின் முன் அது தடுமாறுகிறது என்பதைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே இச்சபையின் முழுப் பெயர். ஜோசப் ஸ்மித் இதை 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் தொடங்கினார். தேவதூதர் காட்டிய தகடுகளிலிருந்து தெய்வ வல்லமையால் மொழிபெயர்த்ததாக அவர் அறிவித்த மார்மன் புஸ்தகம், அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பல்மைரா என்ற சிற்றூரில் அச்சாகி வெளிவந்திருந்தது. இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இச்சபையில் 1.7 கோடிக்கும் மேற்பட்டவர்கள் உறுப்பினர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். தொகுதி எனப்படும் உள்ளூர்ச் சபைகளில் சம்பளம் வாங்கும் குருமார் கிடையாது. தச்சரும் பல் மருத்துவரும் வழக்கறிஞரும் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே ஆயராகப் பணியாற்றுகிறார்கள். ஆசாரியத்துவம் எனப்படும் அதிகாரம் தகுதியுள்ள ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலேயே வழங்கப்படுகிறது. பெண்களுக்கு எந்த வயதிலும் வழங்கப்படுவதில்லை. ஞானஸ்நானம் கொடுப்பதும், திருவிருந்தின் அப்பத்தை ஆசீர்வதிப்பதும், தொகுதியை நடத்துவதும் அந்த அதிகாரத்தோடு சேர்ந்தவை.

ஆனால் இந்தச் சபையில் ஆண், பெண் என்ற வேறுபாடு அறவே அற்றுப்போகும் ஒரு நேரமும் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உபவாசமிருந்து கூடும் சாட்சிக் கூட்டத்தில், முன்கூட்டி நியமிக்கப்பட்ட பேச்சாளர் யாரும் இல்லை. மனம் ஏவப்பட்டவர் எழுந்து மேடைக்குப் போகலாம். பாட்டியும் போகலாம், பத்து வயதுச் சிறுமியும் போகலாம். போனவர் தம் உள்ளத்தில் ஆவியானவர் உணர்த்தியதைத் தம் சொந்தச் சொற்களில் சொல்கிறார். அதை யாரும் குறுக்கிட்டு மறுப்பதில்லை, ஆதாரம் கேட்பதுமில்லை. மார்மன் விசுவாசத்தின் அடித்தளமே இந்தச் சாட்சிதான். புஸ்தகம் மெய்யா என்று தேவனையே கேள், அவர் உனக்கு நேராகச் சொல்வார் என்பதுதான் ஊழியர்கள் வீட்டு வாசலில் நின்று விடுக்கும் அழைப்பு. சொந்த அனுபவத்தை இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கும் ஒரு சபையில், பெண்கள் தங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லும்போது மட்டும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிறது. தற்காப்பாளர்களின் சிக்கலுக்கு மூலம் இதுவே என்பது என் கணிப்பு.

கிறிஸ்தவர்கள் சமயத் தற்காப்புக்கு ஆதாரமாகக் காட்டும் வசனம் பேதுருவின் முதல் நிருபத்தில் இருக்கிறது: நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும் என்கிறது அது. நவீன மார்மன் தற்காப்பின் தொடக்கத்தில் அந்தச் சாந்தம் அவ்வளவாகத் தென்படவில்லை. 1945இல் ஃபான் பிரோடி என்ற முப்பது வயதுப் பெண், ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். யூட்டாவின் பெயர்பெற்ற மார்மன் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பின்னாளில் சபைத் தலைவரான டேவிட் ஓ. மெக்கே அவருக்குப் பெரியப்பா. ஸ்மித்தின் தரிசனங்களை மனித உளவியலைக் கொண்டும், அவர் வாழ்ந்த காலத்தின் சூழலைக் கொண்டும் விளக்கிய அந்த நூல் சபையை உலுக்கியது. மறு ஆண்டே ஹ்யூ நிப்லி என்ற மொழியறிஞர் ஒரு சிறு மறுப்பு நூலை வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், "இல்லை அம்மணி, அது வரலாறு அல்ல" என்று வரும். அந்த "அம்மணி"யில் மரியாதையின் ஓசை இருக்கிறது. உனக்கு ஏன் இந்த வேலை என்ற தொனியும் இருக்கிறது. மார்மன் அறிஞர் உலகின் மிகப் பெரிய தற்காப்பாளர் எனப் பிற்காலம் கொண்டாடிய ஒருவருடைய முதல் பெரும் தற்காப்பு நூல், ஒரு பெண்ணை நோக்கி ஆண் சொன்ன பதிலாக அமைந்தது. பிரோடி அதே 1946இல் சபைநீக்கம் செய்யப்பட்டார்.

நிப்லியின் வழியில் பின்பு பெரிய கட்டமைப்பே எழுந்தது. ஜெர்மனியில் ஊழியராக இருந்த ஜான் வெல்ச் என்ற இளைஞர், சொன்னதை எதிர்வரிசையில் திரும்பச் சொல்லும், பழைய எபிரேய எழுத்தில் காணப்படும் தலைகீழ் அடுக்கு அமைப்பு மார்மன் புஸ்தகத்திலும் இருப்பதாக 1967இல் கண்டார். அவரே 1979இல் ஃபார்ம்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அது பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பின்னர் மேக்ஸ்வெல் நிறுவனம் ஆனது. இணையம் பரவத் தொடங்கிய 1997இல் தன்னார்வலர்கள் ஃபேர் என்ற அமைப்பை நிறுவினார்கள். 2012இல் மேக்ஸ்வெல் நிறுவனம் தற்காப்பிலிருந்து விலகிக் கல்விப்புல ஆய்வின் பக்கம் திரும்பியபோது, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட டேனியல் பீட்டர்சனும் அவருடைய தோழர்களும் இன்டர்பிரட்டர் என்ற அறக்கட்டளையை உருவாக்கினார்கள். இவை எல்லாம் விடை சொல்லப் பழகிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை: மார்மன் புஸ்தகம் சொல்வதுபோல் பண்டைய அமெரிக்காவில் குதிரை இருந்ததா, ஸ்மித் தந்த இன்னொரு வேதநூலான ஆபிரகாமின் புஸ்தகத்துக்கும் எகிப்தியப் பாப்பிரஸ் சுருளுக்கும் என்ன தொடர்பு, அமெரிக்கப் பூர்வகுடிகளின் மரபணு ஆய்வு என்ன சொல்கிறது. ஆவணத்துக்கு ஆவணம், அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு என்று மல்லுக்கு நிற்கக்கூடிய கேள்விகள் அவை. என் மகளுக்கும் மகனுக்கும் ஒரே தேவன் ஏன் இரு வேறு வாசல்களை வைத்தார் என்று ஒரு தாய் கேட்டால், அந்த ஆயுதசாலையில் அதற்கு ஏற்ற கருவி இல்லை.

இதைக் கொண்டு, மார்மன் பெண்கள் என்றும் எதிர்க்கேள்வி கேட்பவர்களாகவே இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பொதுவெளியில் தங்கள் சமயத்துக்காகத் திரளாக எழுந்து நின்ற முன்னோடிகளில் பெண்களும் உண்டு. 1870 ஜனவரி 13 அன்று சால்ட் லேக் சிட்டியில் சுமார் 5,000 பெண்கள் ஒன்றுகூடி, சபை அப்போது கடைப்பிடித்த பலதார மணத்தை ஒடுக்க வாஷிங்டனில் கொண்டுவரப்பட்ட மசோதாவைக் கண்டித்தார்கள். நாங்கள் அடிமைகள் என்று எங்கள் சார்பில் நீங்கள் முடிவு செய்ய வேண்டாம் என்பதே அந்த மேடையில் ஒலித்த பேச்சின் தொனி. ஒரே மாதத்தில், பிப்ரவரி 12 அன்று, யூட்டா பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. இரண்டு நாள் கழித்து செராஃப் யங் என்ற இளம் ஆசிரியை வாக்களித்தார். 1872இல் தொடங்கிய பெண்களின் இதழ், எம்லின் வெல்ஸ் ஆசிரியராக இருந்த காலத்தில், "சீயோனின் பெண்களுடைய உரிமைகளும் சகல தேசத்துப் பெண்களுடைய உரிமைகளும்" என்பதைத் தன் முகப்பு வாசகமாகவே கொண்டிருந்தது. 1896இல் மார்த்தா ஹ்யூஸ் கேனன் என்ற மருத்துவர், தன் கணவரும் போட்டியிட்ட தேர்தலில் அவரை வென்று, அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் ஆனார். அவர் பலதார மணத்தில் நான்காம் மனைவி. விசுவாசத்தைத் தற்காப்பதும் தங்கள் உரிமையைக் கேட்பதும் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு ஒரே மூச்சில் செய்யும் காரியங்களாக இருந்தன. அந்த இரண்டும் பிற்பாடு ஒன்றுக்கொன்று பகை என ஆனதுதான் இருபதாம் நூற்றாண்டின் கதை.

அந்தக் கதையின் மையத்தில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. 1842 மார்ச் 17 அன்று இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில், ஜோசப் ஸ்மித்தின் கடை மாடியில் இருபது பெண்கள் கூடி ஒத்தாசைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவருடைய மனைவி எம்மா தலைவர். எலைசா ஸ்னோ செயலாளர். கூட்டங்களின் நடவடிக்கையை எலைசா தன் கையால் எழுதி வந்தார். ஏப்ரல் 28ஆம் தேதிக் கூட்டத்தில் ஸ்மித் பேசியதை, "தேவனுடைய நாமத்தில் திறவுகோலை உங்களிடம் திருப்புகிறேன்" என்று அவர் பதிந்திருக்கிறார். ஸ்மித் இறந்த பிறகு சபை வரலாற்றைத் தொகுத்த ஆண்கள், அந்த வரியை "உங்கள் பொருட்டுத் திறவுகோலைத் திருப்புகிறேன்" என்று மாற்றினார்கள். "உங்களிடம்" என்பதற்கும் "உங்கள் பொருட்டு" என்பதற்கும் எழுத்தில் உள்ள இடைவெளி மிகச் சிறியது. ஆனால் முதல் வாக்கியத்தில் அதிகாரத்தின் அடையாளமான திறவுகோல் பெண்களின் கைக்கு வருகிறது. இரண்டாவதில் அது ஆணின் கையிலேயே இருக்க, கதவு மட்டும் பெண்களுக்காகத் திறக்கிறது. திருத்தப்பட்ட வடிவத்தையே தலைமுறைகள் படித்து வளர்ந்தன.

அதே நாள் குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பெண்கள் நோயாளிகள் மீது கைவைத்து ஜெபிக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, தேவன் குணமாக்கி அதை அங்கீகரித்தால், ஒரு முகத்தைத் தண்ணீரால் நனைப்பதில் என்ன பாவம் இருக்கிறதோ அதைவிட அதிகமான பாவம் இதில் இல்லை என்று ஸ்மித் சொன்னதாக எலைசா எழுதியிருக்கிறார். அந்தச் சொல் வெறும் ஏட்டில் நின்றுவிடவில்லை. பிரசவம் நெருங்கும் பெண்ணின் வீட்டுக்குச் சங்கத்துப் பெண்கள் போய், அவளைக் கழுவி, எண்ணெய் பூசி, தலைமேல் கைவைத்து, பிள்ளை சுகமாகப் பிறக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு வரம்பு கட்டப்பட்டது. 1946இல், நிப்லியின் மறுப்பு வெளிவந்த அதே ஆண்டில், பிரோடி நீக்கப்பட்ட அதே ஆண்டில், சபையின் உச்சத் தலைமையில் இருப்பவர்களுள் ஒருவரான அப்போஸ்தலர் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித், நோயுற்றவர்களுக்கு ஆசாரியத்துவம் பெற்ற ஆண்களான மூப்பர்களை அழைப்பதே மேல் என்று சங்கத் தலைவிக்கு எழுதினார். அந்த வழக்கம் அத்தோடு முடிந்தது. பேத்திகளுக்கு அப்படி ஒன்று இருந்தது என்பதே தெரியாமல் போயிற்று.

இப்படி மறைந்துபோன வரலாற்றைப் பெண்கள் திரும்பக் கண்டெடுத்த விதம் தனியே சொல்லத் தக்கது. செயின்ட் ஜார்ஜ் என்ற பாலைவன ஊரில் வாழ்ந்த ஹுவானிட்டா புரூக்ஸ், 1857இல் மார்மன் படையினர் சுமார் 120 பயணிகளைக் கொன்ற மவுண்டன் மெடோஸ் படுகொலையைப் பற்றி ஆராய்ந்தவர். வீட்டுக்கு யாராவது வந்தால், தட்டச்சு எந்திரத்தின் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகளைப் போட்டு மூடிவிடுவாராம். அண்டை அயலார் கண்ணுக்கு அவர் துணி தேய்த்துக்கொண்டிருக்கும் இல்லத்தரசி. 1950இல் நூல் வெளிவந்தது. கொலைக்குப் பின்னால் இருந்த சபைத் தலைவர்களின் பொறுப்பை அது மறைக்காமல் சொன்னது. அவர் கடைசி வரை சபை உறுப்பினராகவே இருந்தார். பிரோடி வெளியே நின்று எழுதினார், புரூக்ஸ் உள்ளே இருந்து எழுதினார். சபையின் நாணயத்துக்கு நீண்ட காலப்போக்கில் அதிக வலுச் சேர்த்தது புரூக்ஸின் நூல் என்றே நான் நினைக்கிறேன். எம்மா ஸ்மித்தின் வாழ்க்கையை 1984இல் எழுதிய லிண்டா கிங் நியூவெலும் வலீன் டிப்பெட்ஸ் ஏவரியும், சபைக் கூட்டங்களில் அந்த ஆய்வைப் பற்றிப் பேசக் கூடாது என்று சில மாதங்கள் தடுக்கப்பட்டார்கள். பாஸ்டன் பகுதியில் வாழ்ந்த பெண்கள் ஹார்வர்ட் நூலகத்தில் பாட்டிமார்களின் பழைய இதழைக் கண்டு வியந்து, 1974இல் அதன் பெயரையே ஏற்றுத் தங்கள் இதழைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான லாரல் தாட்சர் உல்ரிக் பின்னாளில் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றார்.

அதே காலத்தில் சபைத் தலைமை எதிர்த்திசையில் இறுகியது. அமெரிக்க அரசமைப்பில் பெண்களின் சம உரிமையைச் சேர்க்க முனைந்த சம உரிமைத் திருத்தத்தை ஆதரித்துச் சபையை வெளிப்படையாக எதிர்த்த சோனியா ஜான்சன் 1979 டிசம்பரில் நீக்கப்பட்டார். 1993 மே மாதம் போய்ட் பாக்கர் என்ற அப்போஸ்தலர், சபையை எதிர்நோக்கும் மூன்று ஆபத்துகளைக் குறிப்பிட்டபோது, பெண்ணியமும் அறிஞர்களும் அவற்றுள் இடம்பெற்றனர். செப்டம்பரில் ஆறு பேர் மீது ஒழுங்கு நடவடிக்கை வந்தது. அவர்களில் மூவர் பெண்கள்.

இணையம் இந்தச் சூழலில் வந்தது. அதற்கு முன்பு, தன் தொகுதியில் தனக்கு மட்டுமே இப்படித் தோன்றுகிறது என்று எண்ணிய பெண், அந்த எண்ணத்தைத் தன் குறையாகவே கருதி வாயை மூடிக்கொள்வாள். 2004 அளவில் மார்மன் இல்லத்தரசிகள் தங்கள் ஐயங்களையும் பக்தியையும் சேர்த்தே எழுதத் தொடங்கியபோது, ஐடஹோவில் இருந்தவளும் அரிசோனாவில் இருந்தவளும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 2012 டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பாவாடைக்குப் பதிலாகக் கால்சட்டை அணிந்து வருவோம் என்று அவர்கள் விடுத்த எளிய அழைப்புக்கு எழுந்த கடுஞ்சொற்கள், எவ்வளவு சிறிய அசைவும் எவ்வளவு பெரிய அச்சத்தைத் தொடுகிறது என்பதைக் காட்டின. சபையின் பொது மாநாட்டில் ஒரு பெண் முதன்முதலாக ஜெபம் செய்தது அடுத்த ஏப்ரலில்தான்.

தற்காப்பு முகாமுக்குள்ளும் பெண்கள் இருந்தார்கள் என்பதை விமர்சகர்கள் பலவேளை மறந்துவிடுகிறார்கள். அரசியல் அறிஞர் வேலரி ஹட்சன், ஃபேர் மாநாட்டில் 2010இல் ஆற்றிய உரையில், ஏதேன் தோட்டத்தின் இரு மரங்களைக் கொண்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு, ஆனால் நிகரான காவல் பணிகள் தரப்பட்டன என்ற இறையியல் விளக்கத்தை முன்வைத்தார். ஏவாளைக் குற்றவாளியாக்காத அந்த வாசிப்பு பல பெண்களுக்கு ஆறுதலாக இருந்தது. 2012இல் அதே மேடையில் நெய்லன் மெக்பெயின் வேறு வழியை எடுத்தார். சபையில் பெண்கள் படும் வேதனை மெய்யானது, அதை அவர்களுடைய விசுவாசக் குறைவு என்று சொல்லித் தள்ளுவதை நிறுத்துங்கள் என்று தற்காப்பாளர்களின் அவையிலேயே அவர் கேட்டுக்கொண்டார். கோட்பாட்டைத் தொடாமலே, நடைமுறையில் பெண்களுக்கு எவ்வளவு இடம் கூட்ட முடியும் என்று அவர் தேடினார். அந்த உரை எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், மறுமொழி சொல்வதற்கு முன்பு கேட்பவளை நம்ப வேண்டும் என்ற முறையை அது தற்காப்புக்குள் கொண்டுவந்ததுதான்.

பெண்ணின் சாட்சியை நம்புவது என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுவது பலதார மணத்தில். 2014 அக்டோபரில் சபை தன் அதிகாரபூர்வக் கட்டுரையில், ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவியர் வரை இருந்திருக்கலாம் என்ற கணக்கை ஒப்புக்கொண்டது. அவர்களுள் ஹெலன் மார் கிம்பல் தன் பதினைந்தாம் பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் முன்பு அவருக்கு முத்திரிக்கப்பட்டவர், அதாவது நித்திய மணச் சடங்கில் இணைக்கப்பட்டவர். அந்த ஹெலனே 1880களில் பலதார மணத்துக்கு ஆதரவாக இரண்டு சிறுநூல்கள் எழுதினார். தான் பட்ட துயரத்தையும் பிற எழுத்துகளில் ஒளிக்காமல் வைத்தார். ஆகவே தற்காப்பவர்களும் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள், தாக்குபவர்களும் காட்டுகிறார்கள். அவர் எழுதியதை முழுதாகப் படிப்பவர்கள்தான் குறைவு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இன்று நடக்கிறது. ஸ்மித் பலதார மணம் செய்யவே இல்லை, அது அவருக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் காலத்தில் புனைந்து ஏற்றப்பட்ட கதை என்று வாதிடும் இயக்கம் இணையத்தில் வளர்ந்திருக்கிறது. அதில் பெண்களின் பங்கு பெரிது. தீர்க்கதரிசியையும் விட மனமில்லை, அந்த மணங்களையும் ஏற்க மனமில்லை என்ற நிலையிலிருந்து இந்த வாதம் பிறப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதை ஏற்க வேண்டுமானால் இன்னொரு கூட்டம் பெண்களைப் பொய்யர்களாக்க வேண்டும். 1869இல் ஸ்மித்தின் அண்ணன் மகனான ஜோசப் எஃப். ஸ்மித் திரட்டிய உறுதிமொழி ஆவணங்களில் பல, அந்த மனைவியரே சத்தியம் செய்து கொடுத்தவை. 1892இல், மிசௌரியின் ஆலய நிலம் யாருக்கு உரியது என்ற வழக்கில், அந்த மனைவியருள் எமிலி பார்ட்ரிட்ஜ், மலிசா லாட், லூசி வாக்கர் ஆகியோர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முன் அமர்ந்து, முதிர்ந்த வயதில், தங்கள் படுக்கையறையைப் பற்றிய கேள்விகளுக்குக்கூடப் பதில் சொன்னார்கள். எம்மாவோ, 1879இல் இறப்பதற்குச் சற்று முன்பு தன் மகனிடம், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றார். பெண்களை நம்புங்கள் என்ற ஒற்றை முழக்கத்தால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. யார், எப்போது, யார் கேட்டு, எதை இழக்கக்கூடிய நிலையில் பேசினாள் என்று ஒவ்வொரு சாட்சியத்தையும் நிதானமாக எடைபோட வேண்டும். சான்றுகள் மணங்கள் நடந்ததையே காட்டுகின்றன என்பது வரலாற்றாசிரியர்களின் பரவலான முடிவு. நானும் அப்படியே கருதுகிறேன்.

இனி அந்த 2024ஆம் ஆண்டின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2013 மார்ச்சில் கேட் கெல்லி என்ற வழக்கறிஞர் பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அக்டோபரில் அவரும் தோழிகளும், ஆண்களுக்கான மாநாட்டு அமர்வின் வாசலில் வரிசையாக நின்று அனுமதி கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2014 ஏப்ரலில் டாலின் ஓக்ஸ் என்ற அப்போஸ்தலர் ஒரு புதிய விளக்கத்தைச் சொன்னார்: பெண்கள் ஆசாரியத்துவப் பட்டம் பெறுவதில்லை, ஆனால் சபை தரும் பொறுப்பில் அவர்கள் பணியாற்றும்போது செலுத்துவது ஆசாரியத்துவ அதிகாரமே, வேறு எந்த அதிகாரமாக அது இருக்க முடியும்? ஜூனில் கெல்லி, தான் முன்பு வசித்த வர்ஜீனியாவில் ஆண்கள் மட்டுமே அமர்ந்த விசாரணையில், நேரில் இல்லாமலே சபைநீக்கம் செய்யப்பட்டார். முடிவு மின்னஞ்சலில் வந்தது.

ஓக்ஸின் விளக்கம் இறையியல் நோக்கில் சிறிய காரியம் அல்ல. ஆலயத்துக்குள் பெண்கள் பெண்களுக்குச் சடங்கு நடத்துவதும், ஊழியத்துக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பெண் போதிப்பதும் அதன்படி உண்மையான அதிகாரச் செயல்கள். டென்னிஸ் மனப்பூர்வமாகத்தான் பேசினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் மனதில் இருந்தவை அந்த வகை அதிகாரங்கள். பின்னூட்டம் எழுதிய பெண்கள் நினைத்தது வேறு வகை: தொகுதியின் முடிவை எடுப்பது யார், தலைவியை நியமிப்பதும் நீக்குவதும் யார், தன் கைக்குழந்தைக்குப் பெயரிட்டு ஆசீர்வதிக்கும்போது தாய் எங்கே நிற்கிறாள். 2023இன் பிற்பகுதியில் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில், ஆராதனையின்போது ஒத்தாசைச் சங்கத் தலைவியும் மேடையில் அமரும் உள்ளூர் வழக்கத்தைப் பிராந்தியத் தலைமை நிறுத்தியிருந்தது. அந்த நாற்காலியை இழந்த நினைவு ஆறாத நேரத்தில், உங்களைப்போல் அதிகாரம் பெற்றவர்கள் உலகில் இல்லை என்ற சொல் காதில் விழுந்தால் எப்படி இருக்கும்? ஒரே சொல்லை இரு தரப்பும் இரண்டு பொருளில் கையாண்டார்கள். அடிக்குறிப்பு எத்தனை சேர்த்தாலும் அந்த இடைவெளி அடையாது. ஏனெனில் அந்தப் பெண்கள் வாதம் எதையும் முன்வைக்கவில்லை. அவர்கள் சாட்சி சொன்னார்கள். சாட்சியை மறுத்துரைப்பது அந்தச் சபையின் இயல்பிலேயே இல்லாத செயல்.

பதில்கள் வலுவாக அமைந்த இடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் ஆவணத்தைத் திறந்து வைத்த இடங்கள். 2016இல் சபையின் வரலாற்றுப் பதிப்பகம், ஒத்தாசைச் சங்கத்தின் முதல் ஐம்பது ஆண்டு ஆவணங்களைப் பெரிய தொகுதியாக வெளியிட்டது. அதன் நான்கு பதிப்பாசிரியர்களில் மூவர் பெண்கள். எலைசாவின் குறிப்பேடு அதில் அவர் எழுதியபடியே, "உங்களிடம்" என்ற சொல்லோடு அச்சாகியிருக்கிறது. நோயாளிமேல் கைவைப்பது பற்றிய பகுதியும் இருக்கிறது. பட்டம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இன்று அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பேச முடிகிறது. 1993இல் நீக்கப்பட்டவர்களுள் ஒருவரான மேக்சின் ஹேங்ஸ் 2012இல் மீண்டும் ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குத் திரும்பினார்.

அவரோடு நீக்கப்பட்ட லவினா ஃபீல்டிங் ஆண்டர்சனுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. தலைமை அறிஞர்களையும் பெண்ணியர்களையும் நடத்திய விதத்தை நாள்வாரியாகத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதியதுதான் அவர் மீதிருந்த புகாருக்கு மூலம். நீக்கப்பட்ட பிறகும் அவர் சால்ட் லேக் சிட்டியில் தன் தொகுதியின் ஆராதனைக்கு வாரந்தோறும் போனார். 2019இல் உள்ளூர்த் தலைவர்கள் அவரைத் திரும்பச் சேர்க்க விரும்பியும், மேலிடம் இசையவில்லை. சபைநீக்கம் ஆனவர் திருவிருந்தை எடுக்க முடியாது. கூட்டத்தில் எழுந்து ஜெபம் செய்யவோ பேசவோ முடியாது. 2023 அக்டோபரில் இறக்கும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மாதத்தின் முதல் ஞாயிறுகளில் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்ச் சாட்சி சொல்ல, அவர் இருக்கையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.